அரை நிமிஷப் பொய்

"எவ்வளவு வந்துச்சு, மொரிதா சான்?"

மூச்சு வாங்கிக்கொண்டே, ஜப்பானிய வழக்கப்படி மரியாதைக்கு ஒரு 'சான்' சேர்த்துக் கேட்டாள் கனாயே. பிறவியிலேயே பார்வை இல்லாதவள். அவள் இடது கையிலும் மொரிதாவின் வலது கையிலுமாக ஒரே கயிறு. ஆறு வருஷமாக ஆற்றங்கரையில் இந்த ஜோடி இப்படித்தான் ஓடுகிறது.

மொரிதா கடிகாரத்தைப் பார்த்தார். கிலோமீட்டருக்கு முழுசாக ஆறு நிமிஷம்.

"அஞ்சரைம்மா! அட்டகாசம் போ!" என்றார், கொஞ்சமும் கூசாமல்.

"அப்படியா! பரவாயில்லையே நான்!" முகமெல்லாம் சிரிப்பு அவளுக்கு.

மாரத்தான் ரேஸுக்கு இன்னும் மூன்றே வாரம். நாலு மணி நேரத்துக்குள் ஓடி முடித்தால்தான் பார்வையற்றோருக்கான தேசியப் போட்டிக்குப் பெயர் கொடுக்க முடியும். போன வருஷம் மயிரிழையில் தவறிப்போய், முடிவுக் கோட்டுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அவள் தேம்பித் தேம்பி அழுததை மொரிதாவால் மறக்கவே முடியவில்லை.

இந்தக் கோடையிலிருந்து அந்தப் பெண்ணுக்கு என்ன ஆச்சோ, வேகம் இறங்கிக்கொண்டே வருகிறது. வேகத்தை முடிவு செய்வது பார்வையற்ற ஓட்டக்காரர்தான். கயிறு பிடிக்கிறவர் பள்ளம், திருப்பம், நேரம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டே கூட ஓடலாம், அவ்வளவுதான். கயிற்றைப் பிடித்து முன்னால் இழுத்தாரோ, போட்டியிலிருந்தே தூக்கிவிடுவார்கள்.

கையால்தான் இழுக்கக்கூடாது, வாயால் இழுத்துப் பார்ப்போமே என்று கிளம்பிவிட்டார் மனுஷன். நன்றாக ஓடுகிறோம் என்று தைரியம் வந்தால் வேகம் தானாக வராதா என்ன?

வீட்டில் விஷயத்தைக் கேட்ட மனைவி தொஷிகோ, சோற்று உருண்டை பிடித்துக்கொண்டே அவரையும் ஒரு பிடி பிடித்தாள்.

"வெட்கமா இல்லை உங்களுக்கு? உங்க கண்ணை நம்பித்தானே அந்தப் பொண்ணு ஓடுது!"

"நல்லதுக்குத்தானே சொல்றேன்..."

"நல்லா சொன்னீங்க! ரேஸ் அன்னைக்கு அவ்வளவு பெரிய கடிகாரம் வச்சிருப்பாங்களே, அதையும் பொய் சொல்ல வைப்பீங்களா? மூணு வாரம் இருக்கு. இப்பவே சொன்னா முட்டி மோதி வேகத்தை ஏத்துவா. அன்னைக்குப் போய்த் தெரிஞ்சா உடைஞ்சு போயிட மாட்டாளா?"

"இப்ப சொன்னா மட்டும்?"

"திட்டுவா. வாங்கிக்கோங்க!"



ஞாயிற்றுக்கிழமை காலை. ஆற்றங்கரையில் கயிற்றைக் கையில் கொடுத்ததுமே ஆரம்பித்துவிட்டார்.

"கனாயே, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நான் ஒரு அயோக்கியன்."

"காலங்காத்தாலயேவா?"

"விளையாடாதேம்மா. அஞ்சரை, அஞ்சரைன்னு நான் சொன்னதெல்லாம் பொய். அரை நிமிஷம் குறைச்சுச் சொல்லிட்டேன். இந்த வேகத்துல போனா நாலு மணி நேரமெல்லாம் நடக்காது. செல்லம் குடுத்து நான்தான் உன்னைக் கெடுத்துட்டேன். நம்ம கிளப்ல ஷிராய்ஷி இருக்கானே, அவன் கண்டிப்பானவன். உன் சோம்பேறித்தனமெல்லாம் அவன்கிட்ட செல்லாது. நாளையிலேர்ந்து அவனே கயிறு பிடிக்கட்டும்."



கனாயே திட்டவில்லை.

"அரை நிமிஷம்தானா? நான் முக்கால் நிமிஷம் இருக்கும்னு நினைச்சேன்."

"என்னது! தெரியுமா உனக்கு?"

"என் கால் என்ன வேகத்துல போகுதுன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் அஞ்சரைன்னதும் அப்படிச் சிரிச்சே?"

"நீங்க அவ்வளவு ஆசையா சொல்லும்போது மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கவா முடியும்?"

மொரிதாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"எல்லாம் தெரிஞ்சுமா இப்படி ஆமை மாதிரி ஓடினே? தேசியப் போட்டி வேண்டாமா உனக்கு? போன வருஷம் அழுதியே, அந்த அழுகையெல்லாம் எங்கே போச்சு?"

"போட்டி எங்கேயும் ஓடிப் போயிடாது மொரிதா சான், அடுத்த வருஷமும் வரும்." கயிற்றை விரல்களில் இறுக்கிச் சுற்றிக்கொண்டாள் கனாயே. "கோடையிலேர்ந்து பாலத்து மேடு ஏறும்போதெல்லாம் உங்களுக்கு இரைக்குது. நான் வேகத்தைக் கூட்டினா, முடியலைன்னு வாயைத் திறந்து சொல்ற ஆளா நீங்க? பேசாம கயிறை வேற யார் கையிலயாவது குடுத்துட்டு வீட்டுல போய் உட்கார்ந்துடுவீங்க. அதுக்கு நான் சோம்பேறின்னே பேர் வாங்கிக்கறேன்!"