நாலு மணிப் புள்ளி

லிஃப்ட் எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்பதைக் குடியிருப்பவர்கள் போனிலேயே வரைபடமாகப் பார்க்க வேண்டும். அதற்கு லிஃப்ட் கம்பெனியின் செயலிக்குள் ஒரு மென்பொருளைப் பொருத்தப்போகிறார்கள். மூன்று மென்பொருள்களை ஒப்பிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வேலை அந்தக் கம்பெனியில் இருக்கும் சுகிர்தாவுடையது. ஒரே கட்டடத்தின் தகவலை மூன்றுக்கும் கொடுத்தாள். மூன்றாவதில் மட்டும் தினமும் மாலை நாலு மணிக்கு ஒரு சிவப்புப் புள்ளி வந்தது. உள்ளே பொத்தான் அழுத்தப்பட்டு, கீழ்த்தளத்திலிருந்து ஐந்தாம் மாடிக்குப் போய்த் திரும்புகிறது; எடை பூஜ்யம்.

"காலியா போறதை மத்த ரெண்டும் தப்புன்னு தள்ளிடுது மேடம். எங்களது எதையும் விடாது," என்றான் அதை விற்க வந்தவன்.

காலி லிஃப்டை யார் தினமும் மேலே அனுப்புகிறார்கள்? அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மறுநாள் நாலு மணிக்கு அந்தக் கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் லிஃப்ட் வாசலில் போய் நின்றாள். கதவு திறந்தது. உள்ளே தரையில், டவராவால் மூடிய ஒரு தம்ளர் காபி. அந்த எடையெல்லாம் லிஃப்டுக்கு ஒரு பொருட்டே இல்லை. எதிர்வீட்டுப் பெண் வந்து அதை எடுத்துக்கொண்டு, கழுவிக் கொண்டுவந்திருந்த நேற்றைய தம்ளரை உள்ளே வைத்துக் கீழ்த்தளப் பொத்தானை அழுத்தினாள். பிறகுதான் சுகிர்தாவைப் பார்த்தாள்.

"கீழ்வீட்டுல எங்கக்கா. எங்க வீட்டுக்காரர் அவகூட பேசக்கூடாதுன்னுட்டார். சொல்லிடாதீங்க."

ஆபீஸில் விற்பனைக்காரன் காத்திருந்தான்.

"இந்தப் புள்ளி அங்க குடியிருக்கிற எல்லார் போன்லயும் தெரியுமா?" என்று கேட்டாள்.

"எல்லார் போன்லயும் தெரியும் மேடம். அதுதானே விசேஷம்."

சுகிர்தா திரையில் அந்தப் புள்ளியின் மேல் விரலை வைத்தாள். விரலுக்கடியில் அது முழுசாக மறைந்தது. எடுக்க மனம் வரவில்லை.