சாம்பிராணி போட்ட கார்

“கையை வச்சுப் பாருங்க மகள். பொனட் குளிர்ந்துபோய்க் கிடக்கு. ஆக்கள் வர முந்தி ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வைக்கிற கள்ள வேலை நம்மட்ட இல்ல” என்றார் கிண்ணியா ஸெய்னுதீன்.

அனுஷியா கையை வைத்துப் பார்த்தாள். உண்மைதான். சாவியை ஒரு தரம் திருப்பியதும் அந்தப் பழைய டீசல் எஞ்சின் மறுபேச்சில்லாமல் எழும்பியது. முதலில் கொஞ்சம் கறுப்புப் புகை. பிறகு அதுவும் இல்லை. எண்ணெய் பார்த்தாள், டயர் பார்த்தாள், மணலில் படுத்து அடித்தகட்டையும் பார்த்தாள். கடற்காற்று தின்னாத கார் திருகோணமலையில் கிடைப்பது குதிரைக்கொம்பு. இதில் ஒரு பொட்டுத் துரு இல்லை. பின்பக்கம் வேறு ஒரு சின்ன அறை அளவுக்கு அகலம்.

அதுதான் சிக்கலாகிவிட்டது. ஸெய்னுதீன் நானா கேட்பது முப்பத்தாறு இலட்சம். அம்மாவின் வங்கிப் புத்தகத்தில் இருப்பது முப்பத்திரண்டு, அதற்கு மேல் ஒரு சதம் கிடையாது. ஒரு குறையாவது இருந்தால்தானே விலையைக் குறைக்கலாம்!

இந்தக் காரை விடவும் மனம் வரவில்லை. போன மாரியில் பஸ் கொண்டக்டர் அம்மாவை நடுவழியில் இறக்கிவிட்டதை அனுஷியா மறக்கவில்லை. கொட்டும் மழையில் ஏழு ஓட்டோக்கள் அம்மாவைக் கண்டும் நிறுத்தாமல் போயின. “இனிச் செத்தாலும் ஒருத்தற்ற வாகனத்தையும் கைகாட்டி மறிக்கமாட்டன்” என்று அன்றைக்கு அம்மா இரத்தினேஸ்வரி சபதம் போட்டாள். மகளை லைசன்ஸ் எடுக்க வைத்ததும் அதற்காகத்தான்.

இன்றைக்கு அதே இரத்தினேஸ்வரி காலையில் இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் குளித்து, பட்டுச்சேலை உடுத்து, தலை நிறைய மல்லிகை வைத்து, சம்பந்தம் பேச வந்தவள் போலக் கதிரையில் இருந்தாள். வரும்போது பஸ்ஸில் ஒருத்தரும் அவளைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை.

“உள்ளுக்கும் ஒருக்காப் பாப்பம்” என்று எழும்பிப் போய்க் கதவைத் திறந்தாள். சாம்பிராணி வாசம் குப்பென்று வந்தது. அதற்குப் பின்னாலேயே இன்னொன்றும் வந்தது.

“சீ! என்ன நானா இது?” முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினாள் இரத்தினேஸ்வரி.

அனுஷியா வாயைப் பிளந்தாள். பிறந்த நாள் தொட்டு அம்மா மூக்கைப் பொத்தி அவள் கண்டதேயில்லை.

ஸெய்னுதீன் தலையைச் சொறிந்தார். “ஒளிக்க மாட்டன் தங்கச்சி. என்ட மச்சான் றுவைஸ், லொறி பழுதான நேரம் இதில மீன ஏத்திக்கொண்டு கந்தளாய்க்குப் போனவன். ஐஸ் உருகி, தண்ணி முழுக்க கார்பெட்டுக்குள்ள இறங்கிட்டு. தேசிக்காய் தேச்சன், கோப்பித்தூள் வச்சன், சாம்பிராணி போட்டன். போகுதில்ல.”

“ஆர் ஆர் வந்து பாத்தவை?”

“நாலு பேர். கதவைத் திறந்தாங்க, சாத்தினாங்க, போய்ட்டாங்க.”

“போவினம்தானே! வயித்தைப் பிரட்டுது. இதுக்குள்ள மனுசர் இருக்க ஏலுமே?”

“அம்மா, எனக்கெண்டா அப்பிடி ஒண்டும்…” என்று தொடங்கிய அனுஷியாவின் காலில் அம்மாவின் குதிக்கால் ஏறியது. மிச்சத்தை அவள் விழுங்கிவிட்டாள்.

“சரி நானா, நாங்க வாறம்” என்று செருப்பை மாட்டினாள் இரத்தினேஸ்வரி.

அனுஷியாவுக்கு அழுகையே வந்துவிட்டது. இப்படியொரு எஞ்சின் இனி எந்தப் பிறவியில் கிடைக்கும்? போயும் போயும் ஒரு மீன் மணத்துக்காகவா இதை விடுவது? அம்மாவுக்கு என்ன விசரா?

படலை வரைக்கும் போய்விட்டார்கள்.

“நில்லுங்க தங்கச்சி! உங்கட விலையச் சொல்லிட்டுப் போங்க.”

“முப்பது.”

“அல்லாஹ்! முப்பத்திநாலாவது தாங்க.”

இரத்தினேஸ்வரி மறுபடி மூக்கைப் பொத்தினாள். படலையைத் திறந்தாள்.

“சரி, முப்பத்திரண்டு. இதுக்குக் கீழ கதையே இல்ல” என்றார் ஸெய்னுதீன்.

அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். “என்ன செய்யிற! பிள்ளை ஆசைப்படுறாள்.”

பின்னேரத்துக்குள் வங்கி வேலையும் கையெழுத்தும் முடிந்தன. புறப்படும்போது ஸெய்னுதீன் ஒரு சாம்பிராணிப் பொதியைக் கொண்டுவந்து நீட்டினார். “மனசு கேக்குதில்ல தங்கச்சி. இதையும் கொண்டு போங்க. கிழமைக்கு ஒருக்காப் புகை போடுங்க.”

“நீங்க நல்லா இருப்பீங்க நானா” என்றாள் இரத்தினேஸ்வரி. மனதார வந்த வாழ்த்து அது.

கார் கிண்ணியாப் பாலத்தில் ஏறியது. அனுஷியா கண்ணாடியை இறக்கப் போனாள்.

“ஏன் இறக்கிறாய்? உனக்கு மணக்குதோ?”

“எனக்கில்லை. உங்களுக்குத்தானே வயித்தைப் பிரட்டினது!”

இரத்தினேஸ்வரி தலை மல்லிகை குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். சிரிப்பு அடங்க முந்தியே சல்லி ஊரில், வீட்டில் இருக்கும் புருசனுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

“இஞ்சாருங்கோ, டயருக்கு வைக்க நாலு தேசிக்காயோட அம்மன் கோயிலடிக்கு வாங்கோ. வர முந்தி கருவாட்டு மூட்டை பன்னிரண்டையும் படலையடிக்கு இழுத்து வையுங்கோ. இனி ‘நாறுது, இறங்கு’ எண்டு எங்களுக்குச் சொல்ல ஒருத்தனும் இல்லை! முதல் நாளே எங்கட மூட்டையள் சும்மா ஏத்தப்போற மணத்துக்கு, அந்த மனுசன் நாலு இலட்சமெல்லோ குறைச்சுத் தந்தவர்!”