எண்பதுக்குக் கீழே

நாடித்துடிப்பு எண்பதைத் தாண்டினால் பங்குச் சந்தைச் செயலி திறக்காது என்று சட்டம் வந்த வருடம் அது. திருப்பூரில் பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பாளரான வளர்மதி, முதன்முதலாகப் பங்கு வாங்கிப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. வாங்கிய பிறகு ஒரு நாள்கூட அவளால் விலையைப் பார்க்க முடியவில்லை. காபியை நிறுத்தினாள், கண்ணை மூடி உட்கார்ந்தாள். நாடியை அளக்கும் கைப்பட்டை தொண்ணூற்றாறிலேயே நின்றது.

சனிக்கிழமை காலை தோசை ஊற்றிக்கொண்டிருந்த கணவன் பூவரசன் கேட்டான். "ஏம்புள்ள, சாமியாராப் போகப்போறியா? எப்பப் பார்த்தாலும் கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருக்கே."

அதற்குமேல் அவளால் மறைக்க முடியவில்லை. "ஸ்கூட்டருக்கு வெச்சிருந்த அறுபதாயிரத்தையும் ஷேர்ல போட்டுட்டேனுங்க. உங்ககிட்டச் சொல்லலை."

அவன் முகம் சிவந்தது. "கேட்டிருந்தா வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?"

"சொல்லியிருப்பீங்க."

அவன் தோசையைத் திருப்பிப் போட்டான். "ஆமா, சொல்லியிருப்பேன்" என்று சிரித்துவிட்டான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. பதினெட்டு நாள் பாரம் இறங்கியது போலிருந்தது. அப்போது மேசைமேல் கிடந்த செல்போனில் செயலி திறந்துகொண்டது.

நாலாயிரம் நஷ்டம். வளர்மதி அதை நிதானமாகப் படித்தாள்.

"போச்சா?" என்றான் பூவரசன்.

"இப்போதைக்குத்தாங்க. விக்கப் போறதில்லை, அஞ்சு வருஷம் போகட்டும்."

"அதுவரைக்கும் பஸ்ஸுலதான் போகோணுமா?"

"பஸ்ஸுலதாங்க" என்று சொல்லி, தோசைக்குத் தட்டை நீட்டினாள்.