இரண்டு நீலக் கேபிள்கள்

மருத்துவமனையின் சர்வர் அறையில் மின்விசிறிகள் ஓயாமல் இரைகின்றன. ஆளுயர இரும்பு அலமாரிக்குப் பின்னால், பல்லிடுக்கில் சின்ன டார்ச்சோடு கணவன் ஒருக்களித்து நிற்கிறான். முன்னால் மனைவி. கம்ப்யூட்டர் பராமரிப்புதான் இருவருக்கும் தொழில். டார்ச் வெளிச்சத்தில் சர்வரின் முதுகெங்கும் துளைகள். மானிட்டர் செருகும் துளை காலியாக, தூசி படிந்து கிடக்கிறது. அதை ஒட்டி இரண்டு நீலக் கேபிள்கள். இரண்டின் மேலும் ஒரே மாதிரி துடிக்கும் பச்சைப் புள்ளிகள். ஒன்று யாருக்கும் வேண்டாத பழைய இணைப்பு, இப்போது கழற்ற வேண்டியது. மற்றதில்தான் மாடியில் அறுவை சிகிச்சை அறைக்கு ஸ்கேன் படங்கள் போகின்றன. "எது எதுன்னு எழுதின ஸ்டிக்கர் எங்க?" என்கிறான், டார்ச்சைக் கடித்தபடியே. "நீங்கதானே அப்புறம் ஒட்டிக்கலாம்னீங்க? இப்ப பழியை என் தலையில போடாதீங்க." அவள் கையில் ஸ்க்ரூடிரைவர் சுழன்றுகொண்டே இருக்கிறது. "சரி, இடதா வலதா?" "எனக்கு இடதா, உங்களுக்கு இடதா?" "மாடியில சொல்லிட்டியா?" "படம் நின்னா உடனே போன் பண்ணச் சொல்லியிருக்கேன்." அவன் குத்துமதிப்பாக ஒரு செருகியின் பிளாஸ்டிக் நாக்கை அழுத்தி உருவுகிறான். 'டிக்'. ஒரு பச்சைப் புள்ளி அணைகிறது. இருவரும் மேசைமேல் இருக்கும் தொலைபேசியையே பார்க்கிறார்கள். அது சும்மா இருக்கிறது. "அடிக்கல. தப்பிச்சோம்டி," என்று நெற்றியைத் துடைக்கிறான். அவள் கண்கள் தொலைபேசியின் வயரோடு நகர்கின்றன. அது மேசையிலிருந்து இறங்கி, சுவரோரமாக ஓடி, அவன் நிற்கும் அலமாரிக்குள்ளேயே நுழைகிறது. ஸ்க்ரூடிரைவர் நின்றுவிடுகிறது. "ஏங்க, இந்த போனும் மாடி லைன்லதானே ஓடுது? அது போயிருந்தா இதுவும் சேர்ந்துதானே போயிருக்கும்? அப்புறம் எப்படிங்க அடிக்கும்?"