யாரும் புழங்காத வீடு

“பார்த்து வாங்கம்மா, தரை வழுக்கும். அவ்வளவு புதுசு!”

வந்த அம்மாள் தரையைப் பார்க்கவில்லை. சமையலறையை எட்டிப் பார்க்கவில்லை, ஒரு குழாயைத் திறக்கவில்லை. கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்றாள். பொழுது போகாமல் வந்த கேஸ் என்று வீடு விற்கும் சர்க்கரை மனதுக்குள் சலித்துக்கொண்டான்.

அலுவலகத்தில் அவனுக்கு அந்தப் பெயர்தான், பேச்சு அப்படி. அந்தப் பேச்சுக்கும் மசியாமல் ஆறாவது மாடி மூலை வீடு மட்டும் பல்லை இளித்துக்கொண்டு நின்றது. இந்த மாதம் அதைத் தள்ளிவிடாவிட்டால் வேறு வேலை தேடிக்கொள் என்று முதலாளி முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்.

வருகிறவர்களுக்கு வீடு பிடித்துத்தான் போகும். இறங்கும்போது ஐந்தாம் மாடிக்காரியிடம் இரண்டு வார்த்தை பேசினால் போதும், போனைக்கூட எடுக்க மாட்டார்கள். அதனால் இன்று பின்பக்க லிஃப்டில் ஏற்றி வந்திருந்தான்.

இந்த அம்மாளோ போனிலேயே, “ஆறாவது மாடி மூலை வீடு இருக்கா?” என்று கேட்டவள். காற்று வரும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். தானாக வந்த மீனை நழுவவிடக் கூடாது.

“பழைய வீடு வாங்குறது ரெண்டாம் தாரமா வாழ்க்கைப்படுற மாதிரிம்மா. முன்னாடி இருந்தவங்க பண்ணின கூத்தெல்லாம் நம்ம தலையில விடியும்.”

“உங்களுக்கு இதுல அனுபவமோ?”

சர்க்கரை சிரித்து மழுப்பினான். “இங்க ஒழுகுற கூரை இல்ல, கரையான் இல்ல. வயரிங் புதுசு, பைப் புதுசு. பத்து வருஷத்துக்கு எது போனாலும் கம்பெனி பார்த்துக்கும்.”

அவன் குடியிருந்த வாடகை வீட்டில் மழை வந்தால் அடுப்புக்குக் குடை பிடிக்க வேண்டும். அது இவளுக்கு எதற்கு?

“எல்லாத்துக்கும் மேல, யாரும் புழங்காத வீடு. பழைய வீட்ல எந்த ரூம்ல யாரு மண்டையப் போட்டாங்களோ, யாருக்குத் தெரியும்? இங்க அந்தப் பேச்சே கிடையாது. சுத்தம்!”

அந்த அம்மாள் பால்கனிக்குப் போனாள். பளபளவென்றிருந்த கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து ஒருமுறை உலுக்கிப் பார்த்தாள்.

“இதை எப்ப வச்சீங்க?”

“கட்டும்போதே வச்சதும்மா. பாதுகாப்புன்னு வந்துட்டா எங்க கம்பெனி உயிரைக் குடுக்கும்.”

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். சோற்றில் கிடக்கும் பூச்சியைக்கூட யாரும் அப்படிப் பார்க்க மாட்டார்கள். காசு இருக்கிற திமிர் என்று சர்க்கரை நினைத்துக்கொண்டான்.

அதற்குள் வாசலில் மூச்சிரைப்பு கேட்டது. தலைக்கு மேல் காலடிச் சத்தம் கேட்டு, ஐந்தாம் மாடிக்காரி படியேறியே வந்துவிட்டாள்.

“அக்கா, இந்த வீடா பார்க்குறீங்க? உங்ககிட்டயும் மறைச்சிட்டானா, பாவி? கட்டடம் கட்டும்போது ஒரு இன்ஜினியர் பையன் இந்தப் பால்கனியிலேருந்துதான் விழுந்து செத்தானாம். அப்ப கம்பியே வைக்கலையாம். அவன் விழுந்தப்புறம்தான் அவசர அவசரமா வச்சாங்களாம்!”

சர்க்கரைக்குத் தப்ப வழியில்லை. ஆனாலும் அவன் சர்க்கரையாயிற்றே.

“அம்மா, ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. விழுந்தது இங்கேருந்து, சரி. உயிர் போனது கீழ, மண்ணுலதானே? வீட்டுக்குள்ள யாரும் சாகலையே! நான் சொன்னதுல என்ன பொய்?”

ஐந்தாம் மாடிக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். அந்த அம்மாள் கம்பியிலிருந்து கையை எடுக்காமல், கீழே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். போயிற்று, வேலையும் போயிற்று என்று சர்க்கரை முடிவு கட்டினான்.

“பத்திரம் எப்ப போடலாம்?” என்று அவள் கேட்டாள்.

“அம்மா?”

“எனக்கு இந்த வீடுதான் வேணும். வேற எதையும் காட்டாதீங்க. முக்கியமா, இனிமே பேசாதீங்க.”

சர்க்கரைக்கு வாயெல்லாம் பல். எப்படி என் சாமர்த்தியம் என்று ஐந்தாம் மாடிக்காரியை ஒரு பார்வை பார்த்தான்.

அவளுக்கு மனசு கேட்கவில்லை. உள்ளே வந்து அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“தெரிஞ்சுமாக்கா வாங்குறீங்க? ராத்திரியில தனியா இருக்கணுமே, பயமா இருக்காதா?”

“பெத்த பிள்ளைகிட்ட என்னம்மா பயம்?”