வரப்புக்கு இந்தப் பக்கம்

புரொஜக்டரிலிருந்து சுவரில் விழுந்த ஊர்ப்படத்தில் அங்கங்கே சிவப்புப் புள்ளிகள். அதில் ஒன்று அமிர்தலிங்கத்தின் வயலில் இருந்தது. வாய்க்கால் வளைவு, போர்செட் கொட்டகை, தெற்கு வரப்பு, எதிலும் சந்தேகமில்லை. வரப்புக்கு அந்தப் பக்கம் நல்லக்கண்ணுவின் வயல் சுத்தமாகக் கிடந்தது.

படம் காட்டிக்கொண்டிருந்தவள் வேறு யாருமல்ல, அவர் பெற்ற மகள் குந்தவை. சென்னையில் காற்று மாசுக் கணக்குப் போடும் ஆபீசில் வேலை. நீடாமங்கலத்துக்குப் பக்கத்திலிருக்கும் சொந்த ஊருக்கே விளக்கம் சொல்ல வந்திருக்கிறாள் என்று, மனுஷன் காலையிலிருந்து தரையில் கால் பாவாமல் திரிந்தார்.

கூட்டத்துக்கு டீ சொல்லிவிட்டு அவர் சமுதாயக் கூடத்துக்குள் வருவதற்குள் பாதிப் பேச்சு முடிந்திருந்தது. ஒவ்வொரு தேசமும் வண்டிக்கு இவ்வளவு, ஆலைக்கு இவ்வளவு, வீட்டு அடுப்புக்கு இவ்வளவு, விவசாயத்துக்கு இவ்வளவு என்று புகையைப் பிரித்துக் கணக்குப் போடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள் குந்தவை. வண்டியும் ரைஸ் மில்லும் அடுப்பும் ஆகி, இப்போது வயலின் முறை. வைக்கோல் எரியும் இடத்துக்கெல்லாம் சிவப்புப் புள்ளி.

பக்கத்து நாற்காலியில் பஞ்சாயத்து மெம்பர் அறிவுச்செல்வன். அவர் அமிர்தலிங்கத்தின் காதைக் கடித்தார். "மேலேர்ந்து சாட்டிலைட்டு எல்லாத்தயும் பாத்துக்கிட்டே இருக்காம்ணே. ஒருத்தரும் தப்ப முடியாது."

பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. கல்லை மட்டும் நட்டுவிட்டுப் போன புறவழிச்சாலை, படத்தில் ஊரைச் சுற்றி அகலமாக ஓடிக்கொண்டிருந்தது. கவர்மென்ட்டு கம்ப்யூட்டரில் ரோடு போட்டு முடித்துவிட்டது, இனி நாம் போய் வரவேண்டியதுதான் பாக்கி என்றான் ஒருவன். அமிர்தலிங்கத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

போன புரட்டாசியில் குறுவை அறுத்த கையோடு மழை பிடித்துக்கொண்டது. நனைந்த வைக்கோலை மெஷின்காரன் கட்ட மாட்டேன் என்றுவிட்டான். தாளடி நடவு தள்ளிப்போகிறதே என்ற அவசரத்தில், அரைகுறையாகக் காய்ந்ததும் ஒரு சாயங்காலம் யாருக்கும் தெரியாமல் பற்றவைத்துவிட்டு வீட்டுக்கு வந்து குளித்துவிட்டார்.

காற்று திரும்பித் தீ வரப்பைத் தாண்டி நல்லக்கண்ணுவின் வயலையும் பிடித்துக்கொண்டது. ரோட்டை மூடிய புகையில் டிவிஎஸ் வண்டியில் வந்த மீன் வியாபாரி அப்துல் ஹமீது வாய்க்காலில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். ஜனங்கள் ஓடி வந்தபோது, வேப்பங்கொத்தால் தீயை அடித்துக்கொண்டு நல்லக்கண்ணு மட்டும்தான் அங்கே நின்றார்.

அது போதாதா ஊருக்கு? அதுவும் அப்பா காலம்வரை கூலிக்கு வந்த குடும்பம், இப்போதுதான் குத்தகை எடுத்துத் தலைநிமிர்ந்த மனிதர். நான் வைக்கலீங்க என்று அவர் தொண்டை கிழியச் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. பஞ்சாயத்தில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்த அமிர்தலிங்கம், பெரிய தர்மப்பிரபுபோல ஒரு வார்த்தை சொன்னார்: "விடுங்கப்பா, தெரியாமப் பண்ணிட்டான். மன்னிப்புக் கேட்டா முடிஞ்சிது."

நல்லக்கண்ணு கேட்டார். வைக்காத தீக்குக் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். அன்று சாப்பிட உட்கார்ந்த அமிர்தலிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. அதன்பிறகு தன் வயலுக்குப் போவதென்றாலும் சுற்றுவழியாகத்தான் போனார். பார்த்தால் முகம் கொடுக்க வேண்டுமே.

இதோ, அந்த நல்லக்கண்ணு மூன்றாவது வரிசையில் இருக்கிறார். ஊன்றுகோலோடு அப்துல் ஹமீதும் வந்திருக்கிறார். குந்தவையின் கையிலிருந்த லைட் அங்கும் இங்கும் ஓடி, சரியாக அந்தப் புள்ளியில் வந்து நின்றது.

"அடுத்தவங்க வயலச் சொன்னா வருத்தப்படுவாங்க. எங்க வயலையே எடுத்துக்கிறேன். இங்க தீ வச்சது யாருன்னா..." என்று அப்பாவைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.

எல்லாம் தெரிந்துதான் வந்திருக்கிறாள். பெற்ற மகள் வாயாலேயே ஊர் கேட்கப்போகிறது. அந்தக் கேவலத்துக்குத் தன் வாயே மேல் என்று தோன்ற, அமிர்தலிங்கம் எழுந்துவிட்டார்.

"போதும்மா, நானே சொல்லிடுறேன். புரட்டாசியில தீ வச்சது நாந்தான்." மூன்றாவது வரிசைப் பக்கம் திரும்பினார். "நல்லக்கண்ணு அணைக்க வந்தவரு. பாய், உங்க கால் ஒடிஞ்சது என்னாலதான். அவர மன்னிப்புக் கேக்க வச்சிட்டு, நான் கல்லாட்டம் உக்காந்திருந்தேன்."

அறிவுச்செல்வன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். நல்லக்கண்ணு துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார், தோள் குலுங்கியது. அமிர்தலிங்கம் அவரைப் பார்த்துக் கைகூப்பினார். வெட்கத்தில் காது மடல் எரிந்தாலும், தப்ப வழியில்லாமல் சொன்னாலும் சொல்லியாயிற்று என்று நிமிர்ந்து மகளைப் பார்த்தார்.

குந்தவையின் முகத்தில் ரத்தமே இல்லை.

"அப்பா... இன்னும் யாரும் வைக்கலன்னுதான் சொல்ல வந்தேன். இது பத்து வருஷம் கழிச்சு எரியும்னு கம்ப்யூட்டர் போட்ட கணக்குப்பா."