க்ரீம் உருகவில்லை

பனிநாட்டு உமேயோ நகரத்துப் பள்ளி நர்ஸ் குன்வோரின் அறைக்குள் மார்ச் வெயில் கண்கூச விழுகிறது. பிள்ளைகள் தொலைத்த கையுறைகள் கொடியில் காய்கின்றன. ஆசிரியர்களுக்காக அவள் போட்டுவைத்த காபி மேசையில் மணக்கிறது. ஜன்னல் விளிம்பில் தடுப்பூசி மருந்துக் குப்பிகள் வெயில் காய்கின்றன. அவை இருக்கவேண்டிய ஃப்ரிட்ஜில் மர்சிபான் என்ற பச்சைப் பாதாம் பூச்சு போர்த்திய கேக் ஒன்று மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

"ஸ்டாஃப் ரூம் ஃப்ரிட்ஜ்ல இடமில்ல குன்வோர். க்ரீம் உருகிடுமேன்னு காலையிலேயே மாத்தி வச்சுட்டேன்," என்கிறார் தலைமையாசிரியர் ஸ்டெல்லான். மனுஷர் முகத்தில் பெருமை வழிகிறது. "நீங்களே வெட்டிருங்க. உங்க கைதான் நடுங்காது."

கதவுக்கு வெளியே ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சட்டைக்கையைச் சுருட்டிவிட்டு, ஊசிக்குப் பயந்து, வரிசையில் நிற்கிறார்கள். அவள் ஒரு குப்பியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைக்கிறாள்.

"சுடுதே," என்கிறார்.

"ஆமா. மருந்து கெட்டுப்போச்சு. இனி சாக்கடையிலதான் ஊத்தணும். கேக்குக்கு ஒண்ணும் ஆகல. இன்னைக்கு ஊசி இல்லைன்னு வெளியில நிக்கிற பிள்ளைங்ககிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க."

அவர் குப்பியைப் பார்க்கிறார். கதவைப் பார்க்கிறார். பிறகு கேக் வெட்டும் கத்தியை எடுத்து அவள் பக்கம் மெல்ல நகர்த்துகிறார்.

"நான் சொல்லிக்கிறேன். அதுக்குள்ள நீங்க வெட்டிருவீங்கல்ல?"